கேன் மூடியில் மஞ்சள் பொட்டு

…மாமியார் கொடுமையும் இல்லை, மண்ணும் இல்லை. அந்தக் கோடி வீட்டுக்காரி பட்டறை வேலையை விட்டதற்குக் காரணம் அவளுடைய மூக்கு. நான்தான் என் காதால் கேட்டேனே. காய்கறி வண்டியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, "ஆயா, இப்பல்லாம் ஆசிட் வாசனையே வரல ஆயா, ஜோரா கீது" என்றாள். வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம்! "அடியே, வாசனை எங்கியும் போவல, உன் மூக்குதான் போச்சு" என்றேன். மறுநாளே நின்றுவிட்டாள். இந்தத் தெரு அதற்கு அவள் மாமியாரை இழுக்கிறது. அந்தம்மா பாவம், கிருத்திகைக்குக் கிருத்திகை வல்லக்கோட்டைக்கு நடந்தே போகிறவள். மருமகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்ததும் அவள்தான். நான் பார்த்திருக்கிறேன், எலுமிச்சை சாதம், ஓரத்தில் உருளைக்கிழங்கு.

சரி, உட்கார் தேவி. உன் ரூமில் இருக்கிற மற்ற மூன்று பேரையும் கூப்பிடு. பக்கத்து வீட்டுக்காரி என்று சும்மா வாய் பார்க்க வந்தாய், வந்ததற்கு ஒரு காரியம் ஆகட்டும். நாளைக்கு நீங்கள் நாலு பேரும் போய் நிற்கப்போகிற இடத்தில் நான் பதினேழு வருஷம் நின்றிருக்கிறேன். என்ன, போனை எதிரே வைக்கிறாயா? பிடித்துக்கொள். நல்ல தமிழில் எழுதி, புதிதாக வருகிற பெண்களுக்கு வாசித்துக் காட்டப்போகிறாயா? நல்லது, எழுது. நான் சொன்னால் நீ எழுதலாம். என்னால் என் பெயரைத் தவிர வேறு எதுவும் எழுத முடியாது. பெயரும் எழுதுவதில்லை, வரைவேன். கோலம் மாதிரி.

நான் சொல்லப்போகிற கதையே அதில்தான் இருக்கிறது.

ஒரகடத்துக்குப் பின்னால், போல்ட்டுக்கும் நட்டுக்கும் முலாம் பூசுகிற பட்டறை அது. கார் கம்பெனிகளுக்குப் போகிற சாமான். என் வீட்டுக்காரர் போன பிறகு, மகளையும் கைக்குழந்தைப் பேத்தியையும் வைத்துக்கொண்டு நின்றபோது, கான்ட்ராக்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவன் தலையைத் தூக்காமல், "எட்டாவது பாஸா?" என்றான். எனக்கு முன்னால் நின்ற பத்துப் பேரும் ஆமாம் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். ஒரே ஒரு வார்த்தை. அதை வைத்துத்தான் பதினேழு வருஷம் சாப்பிட்டேன்.

வேலை, அழுக்குத் தண்ணீர்க் கொட்டகையில். ஒரே கொட்டகை, இரண்டு அறை. ஒரு அறையில் பட்டறையிலிருந்து வருகிற மஞ்சள் தண்ணீர். அதற்கு ஆசிட் ஊற்ற வேண்டும், பிறகு அந்தப் புளிப்பு அடங்கச் சுண்ணாம்பு போட வேண்டும். அடுத்த அறையில் கக்கூஸ் தண்ணீரும் கேன்டீன் தண்ணீரும். அதற்குக் கடைசியில், கிருமி சாக, ஹைப்போ ஊற்ற வேண்டும். ஹைப்போ என்றால் பயந்துவிடாதீர்கள், வெள்ளைத் துணிக்கு ஊற்றுவோமே, ப்ளீச்சிங் தண்ணீர், அதுவேதான். ஆசிட் அறை எனக்கு. ஹைப்போ அறை ஸ்டெல்லாவுக்கு.

ஸ்டெல்லா சேரப்பணஞ்சேரிக்காரி. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். சர்ச்சுக்குப் போகிறவள், பொட்டு வைக்க மாட்டாள், பூ வைக்க மாட்டாள், ஆனால் வாய் மட்டும் சந்தைக்கடை. சூப்பர்வைசர் கத்தினால், அவன் போன பிறகு அவனைப் போலவே நடந்து காட்டுவாள். ஐந்தாவது வரைக்கும் படித்தவள், பைபிளை எழுத்துக்கூட்டி வாசிப்பாள்.

அப்புறம் அந்தக் கெமிஸ்ட் பெண். பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஊர். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்டிருப்பாள். எனக்கு அப்போதே அறுபது. என்னை ஆச்சி என்பாள். அதுவரை ஏன் எதற்கு என்று தெரியாமலே செய்த வேலையை எனக்குப் புரியவைத்தது என் வயதில் பாதிகூட இல்லாத அந்தப் பெண்தான்.

அவள் வந்த புதிதில் நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு நாள் பெரிய தொட்டியில் சுண்ணாம்பு போடும்போது, இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் சுத்தமாகுமே என்று இரண்டு மூட்டை கூடக் கொட்டினேன். நம் கை அப்படித்தானே? வீட்டில் விருந்தாளி வந்தால் ஒரு பிடி அரிசி சேர்த்துப் போடுகிற கை. சாயங்காலத்துக்குள் அடியில் சுண்ணாம்பு கல்லாகப் படிந்து, பைப்பு அடைத்து, பட்டறையே நின்றுவிட்டது. அந்தப் பெண் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"ஆச்சி, எதுக்கு இப்படி அள்ளிக் கொட்டிட்டீய?"

"கூடப் போட்டா நல்லதுதானேன்னு…"

"சாம்பாருக்குப் பெருங்காயமா போடுதீய? இங்க வாங்க. ஸ்டெல்லாக்கா, நீங்களும் வாங்க."

எங்கள் இரண்டு பேர் நடுவில் வந்து நின்றாள். வலது கையால் என் கையைப் பிடித்தாள், இடது கையால் ஸ்டெல்லா கையைப் பிடித்தாள்.

"இப்ப நான்தான் சுண்ணாம்பு. எனக்கு ரெண்டு கை. நீங்க ரெண்டு பேரும் ஆசிட்டு, உங்களுக்கு ஒத்தக் கை. நான் ரெண்டு பேரப் பிடிச்சாச்சு. இனி மூணாவது ஒரு ஆசிட்டு வந்தா எங்க பிடிப்பேன்?"

"இடுப்பைப் புட்ச்சிக்க வேண்டியதுதான்" என்றாள் ஸ்டெல்லா.

"இதுல இடுப்பே கிடையாதுக்கா. கை மட்டும்தான். கை நிறைஞ்சா கதை முடிஞ்சு. அதே மாதிரி ஆசிட்டு எல்லாம் பிடிபட்ட பிறகு நீங்க நூறு மூட்டை சுண்ணாம்பு போட்டாலும், பிடிக்க ஆளு இல்லாம அது பாட்டுக்குக் கீழ போய் உக்காரும். இப்ப உக்காந்திருக்குல்லா, அந்த மாதிரி."

உலகத்தில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் இத்தனை கை என்று கணக்கு உண்டாம். ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு நாலு. சிலதுக்குக் கையே கிடையாதாம், யாரோடும் சேராமல் தனியாகவே இருக்குமாம். "அய்யய்ய, எங்க பெரிய நாத்தனாரு" என்றாள் ஸ்டெல்லா. நாங்கள் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தான்.

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாள். நாம் ரசத்தில் போடுகிற உப்பு இருக்கிறதே, அது இரண்டு பேர் கை கோத்தது. ஒருத்தன், கத்தியால் நறுக்கலாம் போன்ற ஒரு மெத்தென்ற உலோகம், தண்ணீர் பட்டால் தீப்பிடிப்பான். இன்னொருத்தன், பச்சையும் மஞ்சளுமான ஒரு காற்று, சுவாசித்தால் நெஞ்சு வெந்துவிடும். இரண்டு கொலைகாரர்களும் ஒருத்தன் கையை ஒருத்தன் பிடித்துக்கொண்டால், சாதுவாக ரசத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். நான் வீட்டுக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்தேன் தெரியுமா? பேத்தியிடம் சொன்னேன். "அது எங்க புக்ல கீது ஆயா, அஞ்சு மார்க்" என்றாள். அவளுக்கு மார்க். எனக்கு அன்றைக்கு ரசமே வேறு மாதிரி இருந்தது. அறுபது வருஷம் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று அன்றுதான் தெரிந்தது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

கடைசியில் முகத்தை மாற்றிக்கொண்டு சொன்னாள். "ஹைப்போக்குள்ளயும் அதே காத்துதான் கட்டுப்பட்டுக் கிடக்கு. ஆசிட்டு அதுல விழுந்துச்சுன்னா கட்ட அவுத்து விட்டுரும். வெளிய வந்தா அது சும்மா இருக்காது, எங்க ஈரம் இருக்கோ அங்க போய்ப் பிடிக்கும். கண்ணுல ஈரம், தொண்டையில ஈரம், நெஞ்சுக்குள்ள ஈரம். அதனால இந்த ரெண்டும் எந்தக் காலத்துலயும் சேரக் கூடாது. கேட்டியளா?"

கேட்டோம். நன்றாகவே கேட்டோம்.

இப்போது கேன் விஷயத்துக்கு வருகிறேன். ஆசிட்டும் ஹைப்போவும் ஒரே மாதிரி நீலக் கேனில்தான் வரும். ஆசிட்டில் அந்தப் பெண்ணே தண்ணீர் கலந்துதான் கொட்டகைக்கு அனுப்புவாள், அதனால் மூடியைத் திறந்தாலும் புகையாது. இரண்டுமே வெளிர் மஞ்சள். ஒட்டி வருகிற காகிதத்தை அந்தக் கொட்டகைக் காற்றே தின்றுவிடும். அதனால், அவளுக்கு முன்னால் இருந்தவர்களைப் போலவே, லோடு வந்ததும் அவள் மார்க்கரால் ஒவ்வொரு கேன் மேலும் எழுதுவாள். எழுத்து. எனக்கு அது என்ன பிரயோஜனம்?

நான் என்ன செய்தேன், அவள் எழுதும்போது பக்கத்தில் நின்று, "இது இன்னாம்மா, இது இன்னாம்மா" என்று பேச்சுக்கொடுத்துத் தெரிந்துகொள்வேன். அவள் அந்தப் பக்கம் போனதும் ஆசிட் கேன் மூடியில் குங்குமப் பொட்டு, ஹைப்போ கேன் மூடியில் மஞ்சள் பொட்டு. சிவப்பு என்றால் எரியும், மஞ்சள் என்றால் ஸ்டெல்லாவுடையது. ஒரு நாள் அந்தக் கெமிஸ்ட் பெண் பார்த்துவிட்டாள்.

"என்னத்துக்கு ஆச்சி கேனுக்கெல்லாம் பொட்டு?"

"திருஷ்டிக்கும்மா" என்றேன். படிக்கத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மார்க்கர் மங்கிவிடும், பொட்டு மங்காது, நான் புதுப்பித்துக்கொண்டே இருப்பேன். கொஞ்ச நாளில் ஸ்டெல்லாவும் எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். படிக்கத் தெரிந்தவள், பொட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். "என் நெத்தியிலதான் இல்ல, என் கேனுக்காவது இருக்கட்டும்" என்பாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. கம்பெனிகளில் ஆயுத பூஜை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாளே எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, பெயின்ட் அடித்து, மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். எனக்கு இரண்டு பொட்டலம் கிடைத்தது. மெயின்டனன்ஸ் ஆட்கள் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் தூக்கிக்கொண்டு ஒரு சாமான் விடாமல் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார்கள். மோட்டாருக்கு, தராசுக்கு, தீயணைக்கிற சிலிண்டருக்கு, துடைப்பத்துக்கு. எங்கள் கொட்டகைக்கும் வந்து, ஆறு கேனையும் வெளியே எடுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்து, வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு மூடிக்கும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்துவிட்டார்கள். அந்தப் பெண் எழுதிய எழுத்தும் போயிற்று, நான் வைத்த பொட்டும் போயிற்று. நான் அப்போது சுண்டல் வாங்க நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு நாள் லீவு. அந்தப் பெண் ஊருக்குப் போயிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் நான் போய்ப் பார்த்தால் ஆறு கேனும் ஒரே மாதிரி அலங்காரம் செய்துகொண்டு நிற்கின்றன. அப்போதே போன் வந்தது.

"ஆச்சி, பஸ்சு செங்கல்பட்டு தாண்டல, ஒரே டிராபிக்கு. கேன் எல்லாம் தொடச்சிட்டாவன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. நான் வந்து பேப்பர் முக்கி, நிறம் மாறுதான்னு பாத்து எழுதித் தாரேன். அதுவரைக்கும் ஒரு மூடியும் திறக்காதீய. பத்து மணிக்குள்ள வந்துருவேன்."

"சரிம்மா" என்றேன்.

எட்டரை மணிக்கே சூப்பர்வைசர் வந்துவிட்டான். லைன் ஓட ஆரம்பித்துவிட்டது, லீவு நாளில் தேங்கிய தண்ணீர் வேறு. "இன்னாம்மா வேடிக்கை பாக்குற? டேங்க் ரொம்பிக்கினு கீது, வெளிய வழிஞ்சா உன் தலைதான் போவும். எது எதுன்னு உனக்குத் தெரியாதா, எத்தினி வருசமா கீற?" என்றான்.

இந்த இடத்தில் நிறுத்தி யோசியுங்கள் பெண்களே. நான் யோசிக்கவில்லை. போன் வந்த விஷயத்தை அவனிடம் சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் வழிந்தால் வழியட்டும், தரையைக் கழுவிக்கொள்ளலாம். ஆனால் எத்தனை வருஷமாக இருக்கிறாய் என்று கேட்டானே, அது உள்ளே போய்க் குத்திவிட்டது. அந்தக் கொட்டகையில் எல்லாரும் வந்து கேட்கிற ஆள் நான். எனக்குத் தெரியாது என்று சொன்னால், ஏன் தெரியாது, எழுதியிருந்தபோது நீ படிக்கவில்லையா என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அடுத்த கேள்வி எட்டாவது பாஸ்.

மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்றையும் முகர்ந்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. பதினைந்து வருஷம் அங்கே நின்ற மூக்கு அது. கோடி வீட்டுக்காரியை நான் கேலி செய்தேனே, எனக்கு எப்போதோ போயாயிற்று.

ஸ்டெல்லா வந்தாள். "இன்னாக்கா, எல்லாம் கல்யாணப் பொண்ணுங்க மாதிரி நிக்கிதுங்க. என்னுது எது?"

நான் வரிசையைப் பார்த்தேன். எப்போதும் ஹைப்போ வலது பக்கம்தான் இருக்கும். துடைத்தவர்கள் அப்படியேதான் திருப்பி வைத்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு. வலது கோடிக் கேன் மூடியில் சந்தனத்தை வழித்துவிட்டு, என் சுருக்குப் பையிலிருந்த மஞ்சளை எடுத்து ஒரு பொட்டு வைத்தேன்.

"இது."

"நிச்சயமா?"

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவள் கேனைச் சாய்த்து வாளியில் பிடித்துக்கொண்டு அவள் அறைக்குப் போனாள். ஹைப்போ தொட்டியில் பழைய ஹைப்போ பாதி கிடந்தது. அதன் மேல் இதை ஊற்றினாள்.

நான் முதலில் கேட்டது இருமல். பிறகு வாளி விழுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால், கதவுக்கு அடியிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக ஒன்று தரையோடு தரையாக, ஜமுக்காளம் விரிக்கிற மாதிரி, என் காலைப் பார்த்து வருகிறது. கதவைத் தள்ளினேன். ஸ்டெல்லா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முட்டி போட்டுத் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள்.

ஏன் தவழ்ந்தாள் தெரியுமா? எங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை தீப்பயிற்சி நடக்கும். புகை மேலே போகும், நீ குனிந்துகொள், தவழ்ந்து வெளியே வா என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் அதை ஒழுங்காகக் கற்றவள். ஆனால் இந்தக் காற்று கனமானது, கீழேதான் படுக்கும், பள்ளத்தைத் தேடும். அவள் தப்பிக்கிறேன் என்று அதற்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். இதை எழுது தேவி, பெரிதாக எழுது. தீ என்றால் குனி. இது என்றால் நிமிர், காற்று வருகிற பக்கமாக மேட்டுக்குப் போ.

"நில்லுடி! ஏந்திரு!" என்று கத்தினேன். அவளால் முடியவில்லை. உள்ளே ஓடி அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். அதுவும் சரியில்லை, நீங்கள் அப்படி ஓடாதீர்கள். ஆள் சேர்க்க வேண்டும், முகமூடி போட வேண்டும். எனக்கு அந்த வேளை நல்ல வேளை, கதவு அருகிலேயே அவள் வந்திருந்தாள். இன்னும் நாலு அடி உள்ளே இருந்திருந்தால் அங்கே இரண்டு பேர் கிடந்திருப்போம். வேலியோரம் மண்மேட்டில் கொண்டுபோய்க் கிடத்தினேன். அவள் வாயில் நுரை. என் கண்ணில் மிளகாயை அரைத்துப் பூசினாற்போல எரிச்சல். ஆம்புலன்ஸ் ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுபோனது.

அந்தப் பெண் பத்து மணிக்குச் சொன்னபடி வந்தாள். ஊர்ப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. நேராகக் கொட்டகைக்கு வந்து, காகிதத் துண்டை வாளியில் முக்கிப் பார்த்தாள். பிறகு அந்தக் கேன் மூடியைப் பார்த்தாள். மற்ற ஐந்திலும் சந்தனம், குங்குமம். அதில் மட்டும் மஞ்சள். புதிதாக, ஈரம் காயாமல்.

ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஆச்சி, இந்த மஞ்சப் பொட்டு திருஷ்டிக்குத்தானா?"

"ஆமாம்மா" என்றேன்.

இரண்டாவது ஆமாம். முதல் ஆமாம் என் வயிற்றுக்குச் சொன்னது. இது எதற்குச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவள் கேட்டபோது அங்கே வேறு யாரும் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான்.

மறுநாள் ஆபீசில் விசாரணை. மேனேஜர், கான்ட்ராக்டர், சூப்பர்வைசர், அந்தப் பெண், நான். ஸ்டெல்லா ஆக்சிஜனில் கிடக்கிறாள், பிழைப்பாளா என்று அதுவரை யாரும் சொல்லவில்லை.

"லேபிள் போடறது யாரோட ரெஸ்பான்சிபிலிட்டி?" என்றார் மேனேஜர்.

"என்னோடது சார்" என்றாள்.

"லேபிள் இல்லாம கெமிக்கல் எடுக்கக் கூடாதுன்னு இவங்களுக்கு நீ சொல்லியிருந்தியா, இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். போனில் சொன்னதை நான் சொல்வேன் என்று பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு வார்த்தை போதும். நான் தரையைப் பார்த்தேன். அங்கே தரையில் பூஜைக்குப் போட்ட கோலம் பாதி அழிந்து கிடந்தது, அதன் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதிமூன்று புள்ளி வரிசை. அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது பாருங்கள், அவள் முகம் எப்படி இருந்தது என்பது ஞாபகம் இல்லை.

"நான் இருந்து எழுதியிருக்கணும் சார்" என்றாள் அவள்.

சூப்பர்வைசர் மூச்சு விட்டான். அவன் அவசரப்படுத்தியதும் வெளியே வரவில்லை. அவளை வேலையிலிருந்து நீக்கிக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டாள். கேட்டைத் தாண்டி, சுங்குவார்சத்திரம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினாள். அதே ஊர்ப் பை. அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவளுக்கு அந்தப் பொட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பிறகு ஏன் சொல்லவில்லை? எனக்காகவா, இல்லை லேபிள் தன் வேலை என்று நிஜமாகவே நினைத்தாளா? போன் செய்து பார்த்தேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பொம்பளைக் குரல் சொல்கிறது. இப்போதும் எப்போதாவது பேத்தியைப் போடச் சொல்லிக் கேட்பேன். அதே குரல்தான்.

ஸ்டெல்லா பிழைத்தாள். முழுசாக இல்லை. நெஞ்சில் பாதி வெந்துபோயிற்று, இனி இவ்வளவுதான் மூச்சு என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து கொடுக்கலாம், கூட்ட முடியாதாம். வேலையும் போயிற்று.

பொங்கல் கழிந்து நான் மேனேஜரிடம் போனேன். நாலு மாதம் தூக்கமில்லாமல் கிடந்துவிட்டுப் போனேன். "சார், எனக்குப் படிக்கத் தெரியாது. எட்டாவது பாஸுன்னு சொன்னது பொய். பொட்டு வெச்சது நான்தான். அந்தப் பொண்ணு போன்ல வேணான்னு சொல்லிச்சு, நான்தான் கேக்கல" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, வேலை போயிற்று என்று நின்றேன்.

அவர் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பக்கூட இல்லை. "எட்டாவது பாஸுன்னு எழுதிக் குடுத்ததுல பாதிப் பேருக்கு அப்படித்தாம்மா. எங்களுக்குத் தெரியாதா? போய் வேலையைப் பாரு."

இதற்காகவா? இவ்வளவுதானா இது? இதை மறைக்கவா அந்தப் பெண்ணைப் போகவிட்டேன்?

"சார், அந்தப் பொண்ணு மேல எழுதினதையாவது அடிச்சிடுங்க சார்."

"ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சு" என்றார்.

அப்புறம் ஆசிட்டுக்கு நீலக் கேன், ஹைப்போவுக்கு வெள்ளைக் கேன் என்று மாற்றினார்கள். படம் போட்ட தகடு மாட்டினார்கள். நான் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ரிட்டயர்மென்ட் அன்று சால்வை போட்டார்கள், நல்ல சால்வை.

உங்களுக்கு நான் சொல்வது என்ன? உங்கள் கூட ஒடிசாவிலிருந்து ஒரு பெண் சேர்ந்திருக்கிறாளே, அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, இங்கிலீஷும் சந்தேகம்தான். கேட்டால் தலையை ஆட்டுவாள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவாள், நானும் ஆட்டினவள்தான். அவள் எதை வைத்துக் கேனை அடையாளம் பார்க்கிறாள் என்று நாளைக்குப் போனதும் பாருங்கள். என்ன அடையாளம் வைத்திருக்கிறாளோ, அதை அழிக்காதீர்கள், சிரிக்காதீர்கள், எல்லாருக்கும் அதைச் சொல்லுங்கள். உங்களிடம் யாராவது நிச்சயமா என்று கேட்டால், ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொள்ளுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். தொட்டி வழிந்தால் வழியட்டும். திட்டினால் திட்டட்டும். திட்டு வாங்கி யாருக்கும் நெஞ்சு வேகாது.

ஸ்டெல்லாவிடம் சொன்னேனா என்று கேட்கிறாயா தேவி? மேனேஜரிடம் சொன்ன அன்றைக்கே போய்ச் சொன்னேன். இதோ, இந்தத் தெருவிலேயே மாடி வீட்டில், அவள் மகன் வாடகைக்கு இருக்கிற வீட்டில்தான் அப்போதிலிருந்து இருக்கிறாள். கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டாள். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"உம்மேல கோவம் இல்லன்னா… பொய்யாப் பூடும்க்கா. கோவம் கீது. ஆனா பையன் கெளம்பிப் போய்ட்றான்… தண்ணிதான் மேல ஏத்த ஆளு இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கே இரண்டு குடம் கொண்டுபோய் வைத்தேன், அதிலிருந்து தினமும். இடையில் ஒரு நாள் காய்ச்சல் என்று நான் போகவில்லை. மறுநாள், "இன்னாக்கா, லீவு லெட்டர் குடுத்தியா?" என்றாள். அன்றைக்குத்தான் மறுபடியும் சிரித்தாள், பாதிச் சிரிப்பு, மீதி இருமல்…

அடடா, கேட்கிறதா? ணங் ணங்கென்று. தண்ணீர் விட்டுவிட்டார்கள். மாடிக் கம்பியைக் கரண்டியால் தட்டுகிறாள். கூப்பிட முடியாதே அவளால், அதனால் அப்படி. போனை அணைத்துவிடு தேவி, மீதி என்ன இருக்கிறது. தள்ளு, அந்தச் சும்மாட்டுத் துணியை எடு. பதினெட்டுப் படி, நான் மெல்லத்தான் ஏற வேண்டும். இல்லை, நீ வராதே. அது நான்தான் தூக்க வேண்டும். அந்தக் குடத்தை மட்டும் கொஞ்சம் குழாய்க்குக் கீழே நகர்த்து, தண்ணீர் வீணாகப் போகிறது பார்—